கர்ப்பிணித் தாய்மாரின் ஈறுகளும் உமிழ்நீரும்

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களுக்கு,



நம் ஆஸ்பத்திரியைப் பார்க்க வருகிற பங்காளர்கள் பிரசவ வார்டுக்குப் போகாமல் திரும்புவதில்லை. பிறந்த குழந்தைகளைப் பார்த்து, தாய்மார்களுக்காக ஜெபித்துவிட்டுப் போகிறீர்கள். அதே வராந்தாவின் கடைசியில் இருக்கும் பல் பிரிவை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. சென்ற முறை வந்திருந்த ஒரு சபை மூப்பர் மட்டும் அங்கே நின்று, "தாய்சேய் நலத்துக்கென்று நாங்கள் கொடுத்த காணிக்கையில் பல் மருத்துவருக்கும் ஒரு பங்கு போகிறது என்கிறார்களே, பிரசவத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. காணிக்கை கொடுப்பவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அன்று அவசரத்தில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஆகவே உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

துலக்குவதை நிறுத்திய ஒரு பெண்

முதலில் ஒரு தாயைப் பற்றிச் சொல்லுகிறேன். முதல் கர்ப்பம், ஏழாவது மாதம். கர்ப்பிணிகள் சோதனைக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தவள், அடிக்கடி சேலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எடை பார்த்த சிஸ்டர் அந்த முந்தானையில் இரத்தக் கறையைக் கண்டு, அவளைக் கையோடு எங்களிடம் அழைத்து வந்தார்.

கூட வந்த மாமியார் மிகவும் பயந்திருந்தார். மருமகளின் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஈறிலிருந்து ஒரு சிவந்த கட்டி, ஒரு சிறு நாவற்பழம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. "இது புற்றுநோயா டாக்டரம்மா? மறைக்காம சொல்லுங்க" என்றார். இரவெல்லாம் அழுததாகவும் சொன்னார்.

அது புற்றுநோய் அல்ல. அதைப் பிறகு விளக்குகிறேன். ஆனால் பேசப் பேச வேறொரு காரியம் தெரிய வந்தது. நான்காம் மாதத்திலிருந்தே பல் துலக்கும்போது இரத்தம் வந்திருக்கிறது. "பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பு சூடு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொன்னார்கள். இரத்தத்தைப் பார்க்கப் பயந்து அவள் பிரஷைத் தொடுவதையே விட்டுவிட்டாள். ஒரு இடத்தில் பல்லைக் காட்டியதற்கு, "பிரசவம் ஆகட்டும், அதுவரை எதுவும் செய்யக்கூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெல்ல முடியாததால் கீரை, பயறு, முட்டை எல்லாம் நின்றுபோய், மூன்று வேளையும் மோர்ச்சோறுதான். அவளுடைய கர்ப்பிணி அட்டையைப் பார்த்தேன். இரத்தசோகை என்று எழுதியிருந்தது.

2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஈறிலிருந்து கசியும் சில துளி இரத்தத்தால் இரத்தசோகை வந்துவிடாது. ஆனால் வாய் வலியால் கீரையையும் முட்டையையும் ஒதுக்குகிற தாய்க்கு, நாம் எழுதிக் கொடுக்கும் ஆகாரப் பட்டியலால் என்ன பயன்?

வாயிலிருக்கும் காவல்

நம் ஆண்டவர் பிறவிக் குருடனைச் சுகமாக்கியபோது தம் உமிழ்நீரால் மண்ணைக் குழைத்ததாக யோவான் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அதன் ஆவிக்குரிய பொருளைப் போதகர்கள் விளக்கட்டும். நாம் எச்சில் என்று அருவருக்கும் அந்த நீரில் சிருஷ்டிகர் வைத்திருக்கும் ஞானத்தை மட்டும் நான் சொல்லுகிறேன்.

வளர்ந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் 99 சதவீதம் வெறும் தண்ணீர். மீதியுள்ள ஒரு சதவீதத்துக்குள்தான் உப்புக்களும் பலவகையான புரதங்களும் இருக்கின்றன. அளவில் அற்பமான அந்தப் புரதங்களே நம் வாயைக் காத்து வருகின்றன.

வெறும் சோற்றை ஒரு நிமிடம் நன்றாக மென்று பாருங்கள், இலேசாக இனிக்கும். அமைலேஸ் என்ற புரதம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் அந்த இனிப்பு. மியூசின் என்ற வழவழப்பான புரதம் வாயின் உட்புறத்தில் பூச்சுப்போலப் படிந்து, அது காய்ந்து புண்ணாகாதபடி காக்கிறது. லைசோசைம் கிருமிகளின் சுவரை உடைக்கிறது; இதை 1922-ல் உலகுக்கு அறிவித்தவர், பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங். கிருமிகள் பெருக இரும்புச்சத்து தேவை. லாக்டோஃபெரின் அந்த இரும்பை முந்திப் பிடித்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடுகிறது. இம்யூனோகுளோபுலின் ஏ என்பது கிருமிகளைச் சூழ்ந்து பிடித்து, அவை பல்லிலும் சதையிலும் ஒட்டாமல் தடுக்கிறது. ஸ்டாதெரின் என்பது உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச்சத்து வீணாகப் படிந்துவிடாமல், பல்லுக்குத் தேவைப்படும்போது கிடைக்கும்படி வைத்திருக்கிறது.

இவற்றோடு பைகார்பனேட் என்ற உப்பும் உண்டு. நாம் சாப்பிட்ட பிறகு வாயில் உண்டாகும் புளிப்பை, அதாவது அமிலத்தை, இது சமன்செய்கிறது. நாம் தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் இந்தக் காவல் நடந்துகொண்டே இருக்கிறது.

கர்ப்பகாலத்தில் என்ன மாறுகிறது?

குழந்தையைத் தாங்குவதற்காகத் தாயின் உடலில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்கள் பலமடங்கு உயருகின்றன. மாதவிலக்குச் சுழற்சியின் உச்ச அளவைவிட, பிரசவத்தை நெருங்கும்போது புரோஜெஸ்டிரோன் சுமார் 10 மடங்கும் ஈஸ்ட்ரோஜன் சுமார் 30 மடங்கும் இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இவை கர்ப்பப்பையோடு நின்றுவிடுவதில்லை. உமிழ்நீரிலும் வருகின்றன, ஈறுகளிலும் வேலை செய்கின்றன.

இந்த மாதங்களில் உமிழ்நீரின் புளிப்பு கூடுகிறது. அமிலத்தைச் சமன்செய்யும் வல்லமை குறைகிறது. அமைலேஸ், இம்யூனோகுளோபுலின் ஏ முதலான புரதங்களின் அளவும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. எல்லாத் தாய்மாருக்கும் ஒரேவிதமாக அல்ல. சிலருக்குக் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது. மசக்கையில் வாந்தி எடுப்பவர்களுக்கு வயிற்றின் அமிலமும் வாய்க்கு வருகிறது. புளிப்பும் இனிப்பும் அடிக்கடி தின்னத் தோன்றுகிறது. வாயைக் காக்கும் காவலர்கள் ஓடிப்போய்விடவில்லை. ஆனால் அவர்கள் மேல் சுமை கூடிவிட்டது.

ஈறுகளில் நடப்பது இன்னும் தெளிவானது. ஹார்மோன்களின் பெருக்கத்தால் ஈறின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, எளிதில் கசிகின்றன. நாம் துலக்காமல் விட்ட இடத்தில் பல்லின்மேல் படியும் வழவழப்பான படலத்தில் கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, இந்த ஹார்மோன்களையே ஆகாரமாகக் கொண்டு பெருகக்கூடியது என்று 1980-ல் கார்ன்மன், லோஷே என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். முன்பு சிறிது வீங்கி அடங்கிவிட்ட ஈறு, இப்போது அதே அளவு அழுக்குக்கே சிவந்து, பொதுபொதுவென்று வீங்கி, தொட்டால் இரத்தம் கசிகிறது. அழற்சி வந்த ஈறிலிருந்து இரத்தத்தின் புரதங்களும், ஈறின் நார்களை அரிக்கும் நொதிகளும் உமிழ்நீரில் கலக்கின்றன. உமிழ்நீரைச் சோதித்தே ஈறு நோயை முன்கூட்டி அறியலாமா என்று விஞ்ஞானிகள் முயன்று வருவது இதனால்தான்.

1963-ல் லோ, சில்னஸ் என்ற இரு ஸ்காண்டிநேவிய பல் மருத்துவர்கள் கர்ப்பிணிகளின் ஈறுகளை மாதவாரியாகப் பரிசோதித்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஈறு அழற்சி இரண்டாம் மாதத்தில் தலைகாட்டி, எட்டாம் மாதத்தில் உச்சத்தை எட்டி, அதன்பின் தணிகிறது என்று கண்டார்கள். கர்ப்பிணிகளில் 100-க்கு 60 முதல் 75 பேருக்கு இந்தத் தொல்லை உண்டு என்பது இன்றைய மதிப்பீடு.

இந்த எட்டாம் மாதக் கணக்கை நம் ஊர் வழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு. பலகாரமும் இனிப்பும் வீடு நிறைய. அது முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஈறு நோய் உச்சத்துக்கு வரும் நேரத்தில், அவளைப் பார்த்துவந்த ஆஸ்பத்திரியும் நர்ஸும் தூரமாகிவிடுகிறார்கள். ஆகவே ஆறாம் மாதத்துக்குள்ளாகவே ஒவ்வொரு தாயின் வாயையும் பார்த்துவிட வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

அந்தக் கட்டி

சிலருக்கு இந்த அழற்சி ஒரே இடத்தில் குவிந்து கட்டியாக வளருகிறது. கர்ப்பிணிகளில் 100-க்கு 5 பேர் வரை இது காணப்படலாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். மெல்வதற்கு மிகவும் இடைஞ்சலாக இருந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ மட்டும் அப்போதே அகற்றுவோம்.

இதை அந்த மாமியாரிடம் சொன்னபோது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் செய்த பெரிய வைத்தியம் அந்த ஒரு வார்த்தைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தப் பெண்ணின் பற்களில் கல்லாக இறுகியிருந்த காரையை இரண்டு தவணையாகச் சுத்தம் செய்தோம். மிருதுவான பிரஷைக் கொடுத்து, கண்ணாடி முன் நிறுத்தித் துலக்கக் கற்றுக்கொடுத்தோம். "இரத்தம் வந்தால் நிறுத்தாதே, இரத்தம் வருகிற இடத்தைத்தான் மெதுவாக நன்றாகத் துலக்க வேண்டும்" என்றோம். அவள் நம்பாமல்தான் போனாள். அடுத்த முறை வந்தபோது இரத்தம் பெரும்பாலும் நின்றிருந்தது, முட்டை சாப்பிடுவதாகச் சொன்னாள். பிரசவம் தாய்வீட்டுப் பக்கத்தில் நடந்தது. குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தபோது வாயைத் திறந்து காட்டினாள். கட்டி இருந்த இடத்தில் ஒரு சிறு தழும்புகூட இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும்

ஈறு நோய் இருந்தால் குறைமாதத்தில் குழந்தை பிறக்கும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அப்படி எழுதினால் காணிக்கை அதிகமாக வரக்கூடும். ஆனால் அது முழு உண்மை அல்ல.

1996-ல் அமெரிக்காவில் ஆஃபென்பாக்கர் என்பவரும் அவரது குழுவினரும், கடுமையான ஈறு நோய் உள்ள தாய்மாருக்குக் குறைமாதத்தில் எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து பலமடங்கு அதிகம் என்று அறிவித்தார்கள். உலகமெங்கும் அது பேசப்பட்டது. அப்படியானால் ஈறைக் குணமாக்கினால் குறைப்பிரசவம் குறைய வேண்டும் அல்லவா? அதைச் சோதிக்க 823 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்குக் கர்ப்பத்தின்போதும், மீதிப் பேருக்குப் பிரசவத்துக்குப் பின்னும் ஈறு சிகிச்சை தரப்பட்டது. குறைப்பிரசவம் முதல் கூட்டத்தில் 100-க்கு 12, இரண்டாம் கூட்டத்தில் ஏறக்குறைய 13. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆனால் அதே ஆய்வு வேறு இரண்டு காரியங்களைக் காட்டியது. கர்ப்பகாலத்தில் செய்த சிகிச்சையால் தாய்மாரின் ஈறுகள் நன்றாகத் தேறின. தாய்க்கோ சேய்க்கோ அதனால் தீங்கு வரவில்லை. கர்ப்பகாலத்தில் பல் சிகிச்சை பாதுகாப்பானது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் 2013-ல் அறிவுறுத்தியது. "பிரசவம் ஆகட்டும்" என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்ப இனி நியாயம் இல்லை.

ஆகையால் நாங்கள் உங்களுக்கு வாக்குக் கொடுப்பது இவ்வளவே: தாயின் வலி தீரும், இரத்தக் கசிவு நிற்கும், அவள் நன்றாகச் சாப்பிடுவாள், வீண் பயம் நீங்கும். இன்னொரு நன்மையும் உண்டு. பல்லைச் சொத்தையாக்கும் கிருமி குழந்தைக்குப் பெரும்பாலும் தாயின் உமிழ்நீரிலிருந்தே தொற்றுகிறது. தாய் ருசி பார்த்த கரண்டியால் ஊட்டுவதும், மென்று கொடுப்பதும் அதற்கு வழி. தாயின் வாய் சுத்தமானால் பிள்ளையின் பாற்பற்களுக்கும் அது பாதுகாப்பு.

உங்கள் வீட்டிலும் சபையிலும் சொல்ல வேண்டியவை

உங்கள் குடும்பத்திலோ சபையிலோ கர்ப்பிணிகள் இருந்தால் இவற்றை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

1. மிருதுவான பிரஷினால், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் வைத்துக் காலையிலும் இரவிலும் துலக்க வேண்டும். செங்கல் பொடி, கரி, சாம்பல் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும்.

2. வாந்தி எடுத்த உடனே பல் துலக்கக் கூடாது. அமிலத்தால் பல்லின் மேற்பரப்பு அப்போது இளகியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து வாய் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

3. இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டுவிடுவது நல்லது. நாள் முழுவதும் கொறித்துக்கொண்டிருந்தால் உமிழ்நீருக்கு அமிலத்தைச் சமன்செய்ய நேரமே கிடைக்காது.

4. வெற்றிலைபாக்கும் புகையிலையும் தாய்க்கும் சேய்க்கும் கேடு. "பிரசவத்துக்கு நல்லது" என்று பெரியவர்கள் கொடுத்தாலும் பணிவோடு மறுத்துவிட வேண்டும்.

5. பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாக மாத்திரை வாங்கக் கூடாது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பிறக்கப்போகும் குழந்தையின் பற்களில் நீங்காத கறையை உண்டாக்கும். சில வலிநிவாரணிகள் கடைசி மாதங்களில் குழந்தைக்கு ஆபத்தானவை.

6. நான்கு முதல் ஆறாம் மாதம் வரை பல் சிகிச்சைக்கு வசதியான காலம். வீக்கமோ, சீழோ, காய்ச்சலோ இருந்தால் எந்த மாதமானாலும் உடனே வர வேண்டும்.

7. குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சிவிடுகிறது என்பது தவறான எண்ணம். பல்லிலிருந்து அப்படி எதுவும் போவதில்லை. கவனிக்காமல் விடுவதாலேயே பல் கெடுகிறது.

மூப்பரின் கேள்விக்குப் பதில்

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் மரித்ததைக் கண்டு மருத்துவம் படித்து வந்ததும், 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு ஊழியத்தை ஆரம்பித்ததும் நீங்கள் அறிந்ததே. ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்ற வழக்கமே அன்று அந்தப் பெண்களுக்குத் தடையாக நின்றது. இன்று அந்தத் தடை இல்லை. பல் நாற்காலி பிரசவ வார்டிலிருந்து சில அடி தூரம்தான். ஆனாலும் "இது சூடு, தானாகப் போய்விடும்" என்ற எண்ணம் தாய்மாரை அந்தச் சில அடிகளை நடக்கவிடாமல் நிறுத்துகிறது.

மூப்பர் ஐயாவுக்கு என் பதில் இதுதான். உங்கள் காணிக்கையில் பல் பிரிவுக்கு வரும் பங்கில் வாங்குவது பெரிய இயந்திரங்கள் அல்ல. ஏழைத் தாய்மாருக்கு இலவசமாகக் கொடுக்கும் பிரஷும் பேஸ்டும், காரை எடுக்கும் கருவிகளும், அவற்றைக் கொதிநீராவியில் சுத்திகரிக்கும் செலவும், கிராமங்களுக்குச் சிஸ்டர் போய்வரும் பஸ் கட்டணமுமே. நாற்காலியில் படுக்கவைக்கும்போது, வயிற்றின் பாரம் இரத்தக் குழாயை அழுத்தாதபடி தாயின் வலது இடுப்புக்குக் கீழே வைக்கிறோமே, அந்தச் சிறு தலையணைகூட ஒரு சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் தைத்துக் கொடுத்தது.

ஜெபக் குறிப்புகள்

கர்ப்பிணிகளுக்குச் சோதனை நடக்கும் நாட்களில் ஒவ்வொரு தாயின் வாயையும் பார்க்க எங்களுக்கு வேண்டிய பொறுமைக்காகவும், பயத்தை மறைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார் வாய்திறந்து தங்கள் குறையைச் சொல்லத் தைரியம் பெறவும், தாய்வீடு போன பெண்கள் அங்கேயும் நல்ல கவனிப்பைப் பெறவும் ஜெபியுங்கள். அடுத்த முறை வரும்போது வராந்தாவின் கடைசிவரை நடந்து வாருங்கள். அந்த மூப்பர் ஐயாவையும் மறவாமல் அழைத்து வாருங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

ஆண்டவருடைய பணியில்,
பல் மருத்துவப் பிரிவிலிருந்து உங்கள் சகோதரி